கண் மஞ்சள் இறங்கியதும் நிம்மதி கொள்ளாதீர்கள்

சென்ற மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் ஒரு சிறுவனின் சீட்டில் இப்படி எழுதியிருந்தார்: "மஞ்சள் குறைந்திருக்கிறது. தேறி வருகிறான். ஒரு வாரம் கழித்து வரவும்." படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. 22 ஆண்டுகளுக்கு முன்பு, பழைய வண்ணாரப்பேட்டையில் நான் உட்கார்ந்திருந்த சிறிய கிளினிக்கில், இதே மூன்று வரிகளை நானும் எழுதியிருக்கிறேன்.

வாசலைத் தாண்டிப் போய்விட்ட அந்தத் தாயைத் திருப்பி அழைத்து வரச் சொன்னேன். சீட்டு எழுதிய அந்த இளம் மருத்துவரைக் கடிந்தும் கொண்டேன். இரவு வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இத்தனை வருடங்களில் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லையே. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

சிவப்பணுக்கள் ஆயுள் முடியும் முன்பே உடைந்துபோகும் நோய் உள்ள குழந்தைகளைப் பற்றியது இது. அணுக்கள் குண்டு வடிவாகிவிடும் ஸ்பீரோசைட்டோசிஸ், அரிவாள் செல் நோய், தலசீமியா, சிவப்பணுவைக் காக்கும் நொதி ஒன்று குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு என்று பல வகை உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-ல். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வரும்போது வீட்டாரும் மருத்துவர்களும் எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் சொல்லப் போகிறேன். ரத்தசோகை என்றாலே இரும்புச் சத்து டானிக் எழுதுவது, ஃபோலிக் அமில மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் இறங்கியதை முன்னேற்றம் என்று எழுதுவது

காசிமேட்டிலிருந்து வந்த சிறுவன் அவன். ஏழு வயது. அப்பாவுக்குச் சிறு வயதிலிருந்தே கண்ணில் லேசான மஞ்சள் உண்டு. பெரியப்பாவுக்கு 25 வயதிலேயே பித்தப்பைக் கல் எடுத்திருந்தார்கள். குடும்பத்தில் வழிவழியாக ஸ்பீரோசைட்டோசிஸ். சிறுவனின் வழக்கமான ஹீமோகுளோபின் 9. கண் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். பள்ளியில் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று முன்பொரு முறை அவன் அம்மா அழுதிருக்கிறாள்.

அன்று அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி, கொஞ்சம் வாந்தி. ஆனால் அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி. "ஆயா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள் டாக்டரம்மா. பாருங்கள், கண் வெளுத்துவிட்டது" என்றாள். இமையை விரித்துப் பார்த்தேன். உண்மைதான், முன்பு பார்த்த மஞ்சள் இல்லை. எனக்கும் மகிழ்ச்சி. ஹீமோகுளோபின் 6.9 என்று வந்தது. இவனுக்கு எப்போதும் குறைவுதானே, காய்ச்சலில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் இரவு, ஷேர் ஆட்டோவிலிருந்து அவனை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு இரைத்தது. கல்லீரல் வீங்கியிருந்தது. இதயம் குதிரைபோல ஓடியது. உதடு காகிதம்போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 3.8. என்ன நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, உடன் நானும் போனேன். அங்கே ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெட்டிகுலோசைட் எத்தனை?" நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். 0.1 சதவீதம்.

ரெட்டிகுலோசைட் என்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு. உங்களுக்கும் எனக்கும் நூறு சிவப்பணுவில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அணு சீக்கிரம் உடையும் குழந்தைகளுக்கு மஜ்ஜை இரவு பகலாக உழைப்பதால் அது பத்து, பதினைந்துகூட இருக்கும். அந்தச் சிறுவனுக்கும் முந்தைய சீட்டில் 12 சதவீதம் என்று இருந்தது. இப்போது ஏறக்குறைய பூஜ்யம். மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது.

நிறுத்தியது ஒரு வைரஸ். பெயர் பார்வோ வைரஸ் பி19. சாதாரணக் குழந்தைகளுக்கு லேசான காய்ச்சல், கன்னத்தில் அறைந்தாற்போல் ஒரு சிவப்பு, அவ்வளவோடு போய்விடும். நம் குழந்தைகளின் தோல் நிறத்தில் அந்தச் சிவப்புகூடப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த வைரஸ் பெருகுவதற்குத் தேர்ந்தெடுக்கும் இடம், மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் தாய் அணு. அவற்றின் மேற்பரப்பில் உள்ள பி ஆன்டிஜென் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து கொல்கிறது. ஏழு முதல் பத்து நாள் வரை புதிய சிவப்பணு ஒன்றுகூட வெளியே வராது.

எல்லோருக்கும்தானே வராது, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? எங்கள் பக்கத்தில் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நீல டிரம் போதும். ஓட்டை இல்லாத டிரம் வைத்திருக்கும் வீடு, லாரி நாலு நாள் வராவிட்டாலும் சிக்கனமாகச் சமாளித்துவிடும். அடியில் கசியும் டிரம்மை வைத்துக்கொண்டு தினமும் லாரி வருவதால் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த வீடு, லாரி நின்ற மூன்றாம் நாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும்.

கணக்காகவே பாருங்கள். சாதாரணச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். உற்பத்தி பத்து நாள் நின்றால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும். 13 இருந்த ஹீமோகுளோபின் 12 ஆகும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அணுவின் ஆயுள் 15 நாளே என்றால் ஒவ்வொரு நாளும் பதினைந்தில் ஒரு பங்கு போகும். 9 இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 0.6. ஒரே வாரத்தில் 5-க்குக் கீழே. நான் 6.9 பார்த்த அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், ஐந்து நாள் கழித்து அவன் எங்கே நிற்பான் என்பது என் கையிலேயே இருந்திருக்கும்.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். கண்ணின் மஞ்சள் பிலிருபின் என்ற நிறமியால் வருகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது உடைந்த சிவப்பணுவிலிருந்து வருகிறது. புதிதாக அணு வராமல், இருந்தவையும் உடைந்து தீர்ந்துகொண்டே போனால், உடைவதற்கே அணு குறைந்துவிடும். அதனால் மஞ்சளும் குறையும். கீழாநெல்லிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நோய் தணிந்து மஞ்சள் இறங்கினால் முகத்தில் ரத்தம் ஏற வேண்டும். மஞ்சளும் இறங்கி முகமும் வெளுத்தால், கையிருப்பு காலியாகிறது என்று பொருள்.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்: இது புதிய செய்தியே இல்லை. பால் ஓவ்ரன் என்ற நார்வே மருத்துவர் 1948-லேயே இதை எழுதிவிட்டார். பிறவிச் சிவப்பணுச் சிதைவு நோயில் திடீரென்று ரத்தம் குறைவதை அதுவரை எல்லோரும் "அணு அதிகமாக உடைகிறது" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நோயாளிகளின் ரெட்டிகுலோசைட்டும் பிலிருபினும் சேர்ந்தே இறங்குவதைப் பார்த்து, உடைவது கூடவில்லை, மஜ்ஜைதான் நின்றுவிட்டது என்று காட்டினார். அப்போது வைரஸின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அதை 1975-ல் லண்டனில் ஈவோன் கோஸார்ட் குழுவினர் ரத்த மாதிரிகளில் கல்லீரல் அழற்சி பி வைரஸைத் தேடும்போது தற்செயலாகக் கண்டார்கள். பி19 என்பது அந்த மாதிரி இருந்த வரிசையின் குறியீடு, அவ்வளவுதான். அரிவாள் செல் நோய்க் குழந்தைகளின் மஜ்ஜை முடங்குவதற்கு இந்த வைரஸே காரணம் என்பது 1981-ல் தெரிந்தது. இத்தனையும் நான் மருத்துவம் படிக்கப் போகும் முன்பே பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். இருந்தும், ஒரு தாய் சிரித்துக்கொண்டே "கண் வெளுத்துவிட்டது" என்றதும் படித்ததெல்லாம் கரைந்துவிட்டது. நல்ல செய்தியைக் கேட்கவே நமக்கு ஆசை. அந்த ஆசைதான் அந்தச் சிறுவனை ஐந்து நாள் வீட்டில் கிடத்தியது.

ஆகவே இளம் மருத்துவர்களே, அணு உடையும் நோய் உள்ள குழந்தை காய்ச்சலோடு வந்தால் ஹீமோகுளோபினோடு ரெட்டிகுலோசைட்டையும் கேளுங்கள். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மெத்திலீன் நீல வகைச் சாயத்தில் ரத்தத்தைக் கலந்து நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். தெருமுனை லேபில்கூடச் செய்யத் தெரிந்தவர் இருப்பார். "ஹீமோகுளோபின் குறைவு" என்ற சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். வழக்கமான அளவிலிருந்து எத்தனை நாளில் எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள். பெற்றோர்களே, வெளுப்பைக் கன்னத்தில் தேடாதீர்கள். உள்ளங்கை, நாக்கு, கீழ் இமையின் உட்புறம், இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ரத்தம் ஏற்றிவிட்டு மாதிரி எடுப்பது

ஏற்றிய பிறகு ஊசியில் வருவது பாதி இன்னொருவருடைய ரத்தம். பரிசோதனைக்கான மாதிரியை முதலில் எடுத்து வையுங்கள்.

அவசரத்தில் வேகமாக ஏற்றுவது

ஹீமோகுளோபின் 4 என்று கேட்டதும் கை பரபரக்கும். ஆனால் அந்தக் குழந்தையின் இதயம் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது. உடம்பில் திரவத்தின் அளவு குறையவில்லை, அணுதான் குறைந்திருக்கிறது. முழு யூனிட்டையும் வேகமாக உள்ளே விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிவப்பணு மட்டும் பிரித்த ரத்தத்தை எடை கிலோவுக்கு 5 மில்லி அளவில், நான்கு மணி நேரத்துக்கு நீட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு ஏற்ற வேண்டும். தேவையென்றால் மறுபடி ஏற்றலாம். அந்தச் சிறுவனுக்கு மூன்று தவணையாக ஏற்றினார்கள். நானும் அந்தக் கட்டிலின் ஓரத்தில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் இருக்கும் அடுத்த குழந்தையை மறப்பது

விடியற்காலையில் அந்த மூத்த மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வி: "இவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?" ஒரு தங்கை, நான்கு வயது. அவளுக்கும் அதே நோய்.

இந்த வைரஸ் இருமல், தும்மல் வழியாகப் பரவுகிறது. ஒரே வீட்டில் எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்றிவிடும். நாலு முதல் பதினாலு நாள் வரை, சில சமயம் மூன்று வாரம் வரைகூட, உள்ளே பதுங்கியிருக்கும். காசிமேட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் தங்கையைத் தனியாக வைக்க இடமேது? "இரண்டு நாளைக்கு ஒரு முறை கூட்டி வாம்மா" என்று சொன்னேன். அவளும் மகனைப் பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் வந்தாள். பத்தாம் நாள் அந்தச் சின்னவளுக்கு லேசாக உடம்பு சுட்டது. விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். ரெட்டிகுலோசைட் 0.2. ஹீமோகுளோபின் இன்னும் 7.4-ல் நின்றது. மூச்சு இரைக்கும் நிலைக்கு அவள் போகவே இல்லை. ஒரே ஒரு முறை, நிதானமாக, பகலில் ரத்தம் ஏற்றினோம்.

ஒரே நோய், ஒரே வைரஸ், ஒரே வீடு. அண்ணன் இதயம் தடுமாறித் தோளில் வந்தான். தங்கை கையில் பொம்மையோடு நடந்து வந்தாள். நடுவில் இருந்தது ஒரு சாயப் பரிசோதனை மட்டுமே.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஒருமுறை வந்து போனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றல் இருக்கும். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

கர்ப்பிணியை அந்தக் கட்டிலருகே உட்கார வைப்பது

கன்னம் சிவந்த குழந்தை வைரஸைப் பரப்பும் காலத்தைத் தாண்டிவிட்டது. மஜ்ஜை நின்ற குழந்தை அந்தக் காலத்தின் உச்சத்தில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் இந்த வைரஸ் தாக்கினால் வயிற்றுக் குழந்தைக்கும் ரத்தசோகை வந்து, உடம்பெங்கும் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உடன் தங்குவது அத்தையோ சித்தியோ, கர்ப்பமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வார்டில் பணிபுரியும் நர்ஸ்களுக்கும் இது பொருந்தும்.

ஐஜிஎம் இல்லை, ஆகவே வைரஸ் இல்லை என்பது

ஐஜிஎம் என்பது தொற்றை எதிர்த்து உடம்பு முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். முதல் நாட்களில் அது உருவாகியே இருக்காது. வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனையைக் கேளுங்கள். அதன் முடிவுக்காக ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடனே ஸ்டீராய்டு

நின்றுபோன மஜ்ஜையை அது எழுப்பாது.

டெங்குக் காலத்தில் பொது அளவுகோலைப் பிடித்துக்கொள்வது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்கு பயம்தான். அது நியாயமான பயம். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைக் கண்டுபிடிக்க ஹீமோட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவைப் பார்ப்போம். நோயாளியின் வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று எடுத்துக்கொள்வோம்.

ஸ்பீரோசைட்டோசிஸ் உள்ள ஒரு சிறுமிக்கு ஹீமோட்டோக்ரிட் 31 என்று வந்ததைப் பார்த்து, "இயல்பை விடக் குறைவுதான், கசிவு இல்லை" என்று ஒரு பயிற்சி மருத்துவர் எனக்குச் சொன்னார். அவளுடைய வழக்கமான அளவு 25. 31 என்றால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அவள் ஏற்கெனவே அபாயத்துக்குள் இருந்தாள். அந்தக் குழந்தையின் பழைய எண் தெரியாதவருக்குப் புதிய எண் எதையும் சொல்லாது. இதற்காகவே என்னிடம் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஹீமோகுளோபின், ஹீமோட்டோக்ரிட், ரெட்டிகுலோசைட், மண்ணீரல் எத்தனை விரல் அளவு, ரத்த வகை என்று ஓர் அட்டையில் எழுதித் தருகிறேன். தாயும் தகப்பனும் அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

ஜி6பிடி குறைவானவருக்கு "காமாலை முற்றிவிட்டது" என்பது

குடிநீரோடு கழிவுநீர் கலக்கும் தெருக்களில் கல்லீரல் அழற்சி ஏ, ஈ வைரஸ்கள் வருவது நமக்குப் பழகிப்போன துயரம். ஜி6பிடி குறைபாடு உள்ள பையனுக்கு அது வந்தால் கல்லீரல் கெடுவதோடு சிவப்பணுவும் மொத்தமாக உடையத் தொடங்கும். இங்கே மஞ்சள் பயங்கரமாக ஏறும். சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகும். உடைந்த அணுக்களின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். அதை வெறும் காமாலை என்று நினைத்துப் பத்தியச் சாப்பாடு கொடுத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். மற்ற குழந்தைகளுக்கு மஞ்சள் இறங்குவதைக் கவனிக்கச் சொன்ன நானே, இவர்களுக்கு அது ஏறுவதைக் கவனிக்கச் சொல்கிறேன். நோயின் பெயர் தெரியாமல் மஞ்சளை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

மஜ்ஜை திரும்பும்போது பயந்துவிடுவது

நின்றுபோன மஜ்ஜை விழித்தெழும்போது வேகத்தோடு எழும். ரெட்டிகுலோசைட் வழக்கத்தையும் தாண்டி ஏறும். முதிராத, உட்கரு உள்ள சிவப்பணுக்கள்கூட ரத்தத்தில் வந்துவிடும். சில சமயம் வெள்ளை அணுக்களும் கூடும். அந்த நாளில் முதன்முறையாக ரத்தம் பார்க்கும் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயோ என்ற சந்தேகம் வரலாம். முந்தைய வாரத்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் அந்தச் சொல்லைப் பெற்றோர் காதில் போடாதீர்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் அவர்கள் அதிலிருந்து மீள மாதக்கணக்காகும்.

காசிமேட்டுச் சிறுவனுக்கும் அந்த நாள் வந்தது. மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் காலை, அவன் அம்மா நடைபாதையில் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, கண் மறுபடியும் மஞ்சளாகிவிட்டது" என்று அழுதாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனேன். ரெட்டிகுலோசைட் 9 சதவீதம்.